தண்ணி குடிக்கும் வண்டியும் 53 என்ற இலக்கமும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேன், லொறி, பஸ் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்புகிறவர்களும் ஆறுதலாக வாசியுங்கள். மற்றவர்கள் கடந்து போனால் கோபமில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு டீசல் வண்டிக்குக் கூலன்ட் குறைய ஆரம்பித்தால் "வண்டி தண்ணி குடிக்குது" என்பார்கள். யாரும் குடிப்பதில்லை. தண்ணீர் எங்கோ போகிறது. எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் நாலு மெக்கானிக் நாலு விதம் சொல்வார்கள், நாலு விதத்துக்கும் பில் வரும். ரேடியேட்டர் மாற்று என்பார் ஒருவர். வோட்டர் பம்ப் என்பார் அடுத்தவர். ஹெட்டைக் கழற்றாமல் சரிவராது என்பார் மூன்றாமவர். "பிளொக்கே வெடித்திருக்கிறது" என்ற பதில் கடைசியில்தான் வரும். அதற்குள் கையில் காசு இருக்காது.

தெஹியோவிட்டையில் எங்களுக்கு வண்டி என்பது வசதிக்கான சாமான் இல்லை. 1903இல் இந்த வழியாக யட்டியந்தோட்டைக்கு ரயில் வந்தது. களனிவெளிச் சின்ன ரயில். 1942இல் அந்தக் கிளைப் பாதையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு ரோடும் டீசலும்தான். தோட்டத்து மேல் டிவிஷன்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அந்த ரோடும் அரைவாசி கல்லு, அரைவாசி தண்ணீர். பஸ் கீழ் ரோட்டில் போகும். அதைப் பிடிக்க வேண்டுமானால் விடிய நாலரைக்கு இறப்பர் காட்டுக்குள்ளால் இறங்க வேண்டும். பொம்பிளைப் பிள்ளைகளை அப்படி அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

ஆகவே வேன். எங்கள் வேனில் இருபத்திரண்டு பிள்ளைகளும் நாங்கள் நாலு ஆசிரியர்களும் போகிறோம். (இத்தனை பேரா என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்டு முடிந்துவிட்டது.) வேன்காரத் தம்பி எங்களிடம் படித்தவர். ஒரு பிள்ளைக்கு மாதம் 4,500 ரூபா எடுத்தார். அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா. 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த தொகை அது. அதாவது ஒரு பிள்ளையின் வேன் காசு தாயின் நாலரை நாள் கொழுந்து, அல்லது தகப்பனின் நாலரை நாள் பால்வெட்டு. இந்தக் கணக்கு கீழே மறுபடி வரும், ஞாபகத்தில் வையுங்கள்.

2023 தொடக்கத்தில் வேனின் பழைய எஞ்சின் முடிந்துவிட்டது. முழு வேனை மாற்றலாம் என்றால், 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தம். ஊருக்குள் இருந்த பழைய வேன்கள் எல்லாம் புது வேன் விலைக்குப் போயின. எஞ்சினை மட்டும் மாற்றுவதுதான் வழி. தம்பி தன் மனைவியின் நகையை வைத்தார். நாங்கள் ஆசிரியர்கள் சீட்டுக் காசைக் கொடுத்தோம். பெற்றோரில் பலர் இரண்டு மாத வேன் காசை முன்கூட்டியே தந்தார்கள். கொழும்பில் ஒரு கடையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின் ஒன்று நாலு லட்சத்து முப்பதாயிரத்துக்குக் கிடைத்தது. கடையின் பெயர் இந்தப் பதிவில் வராது, கொமென்டில் கேட்கவும் வேண்டாம்.

பார்த்துத்தான் வாங்கினோம். டிப்ஸ்டிக் இழுத்து ஒயில் பார்த்தோம். கிராங்கைச் சுற்றிப் பார்த்தோம். அங்கேயே ஸ்டாண்டில் வைத்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள். ஒரே தட்டில் எடுத்தது, புகை இல்லை. எஞ்சின் முழுக்க வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. பில்லில் "ஒரு கிழமை செக்கிங் வாரண்டி" என்று எழுதித் தந்தார்கள்.

மூன்றாவது கிழமையில் தம்பி வந்து சொன்னார்: "சேர், வண்டி தண்ணி குடிக்குது."

இனிக் கொஞ்சம் பாடம். எங்களுக்குப் பாடம் எடுக்காமல் இருக்க முடியாது.

எஞ்சின் பிளொக் என்பது வார்ப்பிரும்பு. உருக்கிய இரும்பை மணல் அச்சுக்குள் ஊற்றி வார்க்கிறார்கள். நடுவில் பிஸ்டன் ஓடும் துளைகள். அந்தத் துளைகளைச் சுற்றித் தண்ணீர் ஓட ஓர் இடைவெளி. அந்த இடைவெளியின் வெளிச்சுவரைத்தான் வோட்டர் ஜாக்கெட் என்கிறோம். இரும்புக்குள் எப்படி இடைவெளி வரும்? இரும்பை ஊற்றுவதற்கு முன்பே, தண்ணீர் இருக்க வேண்டிய வடிவத்தில் மணலைக் கெட்டியாக்கி அச்சுக்குள் வைப்பார்கள். இரும்பு அதைச் சுற்றி உறையும். பிறகு மணலை உதிர்த்து, பக்கவாட்டில் உள்ள வட்டத் துளைகளால் வெளியே எடுப்பார்கள். அந்தத் துளைகளைத் தகட்டு மூடியால் அடைப்பார்கள். எங்கள் கராஜ்களில் வெல்ஷ் பிளக் என்பது அதுதான். தண்ணீர் உறைந்தால் கழன்று எஞ்சினைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். சில நேரம் அப்படி நடக்கலாம், ஆனால் அது இருப்பது மணலை எடுக்கத்தான்.

இந்த மணல் உரு ஒரு பக்கம் சற்று நகர்ந்துவிட்டால், அல்லது அச்சின் அளவே ஒல்லியாக அமைந்துவிட்டால், சுவர் ஓரிடத்தில் மெலிந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. வார்ப்பிரும்பு அமுக்கினால் மலை போல் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதற்குள் கிராஃபைட் செதில் செதிலாகக் கிடக்கிறது. ஒவ்வொரு செதிலும் உள்ளே ஒரு சின்னக் கீறல் மாதிரி. எஞ்சின் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, மெல்லிய சுவர் ஒருநாள் கோடு விடும்.

இது ஏதோ நம்மூர்ப் பழைய இரும்புக் கதை என்று நினைக்காதீர்கள். உலகத்தில் இதற்குப் பேர்போன உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. டொட்ஜ் ராம் என்ற பெரிய பிக்கப் லொறிகளுக்கு 1989 மொடலிலிருந்து கமின்ஸ் கம்பனியின் 5.9 லீட்டர் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் போட்டார்கள். அந்த எஞ்சினுக்கு அங்கே ஒரு பக்தர் கூட்டமே உண்டு. பத்து லட்சம் மைல் ஓடியது என்று பெருமை பேசுவார்கள். 1998 நடுவில் அதையே 24 வால்வ் ஆக மாற்றினார்கள். பிறகு 2001 வரை வந்த லொறிகளில் ஒரு பகுதியில் ஒரு குறை வெளியானது. பிளொக்கின் பக்கவாட்டில் கீழே 53 என்ற இலக்கம் பெரிதாக வார்க்கப்பட்டிருக்கும். பிரேசிலில் வார்க்கப்பட்ட பிளொக்குகள் அவை. அவற்றின் வோட்டர் ஜாக்கெட் சுவர் மெல்லியது. வலது பக்கத்தில், வெல்ஷ் பிளக் வரிசைக்குக் கீழே, கிடையாக ஒரு கோடு வெடிக்கும். அதிலிருந்து கூலன்ட் சொட்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், எஞ்சினுக்கு வேறு எந்த நோயும் இருக்காது. இழுவை அப்படியே இருக்கும். ஒயிலில் தண்ணீர் கலக்காது. வெள்ளைப் புகை வராது. ஆனால் நிறுத்திய இடத்தில் ஒரு ஈரம். பாரம் ஏற்றி மலை ஏறினால் ஈரம் ஒழுக்காக மாறும். அந்த லொறிகளின் எஞ்சினுக்குக் கம்பனி கொடுத்த உத்தரவாதம் ஐந்து வருடம் அல்லது ஒரு லட்சம் மைல். கோடு வெடிக்க அதைவிட அதிக காலம் எடுத்தால், செலவு லொறிக்காரரின் தலையில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். 53 போட்ட பிளொக் எல்லாம் வெடிக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஒரு சொட்டுக் கசியாமல் ஓடுபவையும் இருக்கின்றன. ஆனால் இலக்கத்துக்குப் பெயர் கெட்டுவிட்டது. அந்த வருடத்து லொறியை அங்கே வாங்குபவர்கள் முதலில் டோர்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுத்து இலக்கம் தேடுகிறார்களாம். 53 என்று கண்டால் விலை பேசுவது வேறு மாதிரிப் போகும்.

கமின்ஸின் இதே பி வரிசை எஞ்சின்களைச் செய்ய டாட்டாவும் கமின்ஸும் சேர்ந்து 1993இல் ஜம்ஷெட்பூரில் கூட்டுக் கம்பனி அமைத்தார்கள். அதனால் உடனே ஓடிப்போய் உங்கள் டாட்டா லொறியின் அடியில் 53 தேட வேண்டாம். 53 பேசப்பட்டது அந்த டொட்ஜ் லொறிகளின் காலத்து வார்ப்பில். வரிசை ஒன்று என்பதற்காக வார்த்த பட்டறையும் அச்சும் ஒன்றாகிவிடாது. கொமென்டில் "அப்ப டாட்டா எல்லாம் குப்பையா சேர்" என்று யாராவது எழுதப் போகிறார்கள் என்று தெரியும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறோம்.

இந்த வரிசை எஞ்சினில் பிளொக் போனால் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், இதற்கு லைனர் கிடையாது. சில எஞ்சின்களில் சிலிண்டர் துளைக்குள் தனி உருளை ஒன்று இறக்கியிருக்கும், தேய்ந்தால் உருவி மாற்றலாம். இதில் பிளொக்கையே நேரடியாகத் துளைத்திருக்கிறார்கள். பிளொக்தான் எஞ்சின்.

சரி, எங்கள் வேனுக்கு வருவோம்.

முதல் கிழமை தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. காலையில் வேன் நின்ற இடம் காய்ந்து கிடக்கும். ஓடி முடித்துப் பார்த்தால் ஒரு லீட்டர் குறைவு. நோன்பு காலம் வேறு. மத்தியானம் பாடசாலை முடிந்து மேலே ஏறும்போது பாதி வழியில் சூடு முள் மேலே போகும். தம்பி நிறுத்துவார். பிள்ளைகள் இறங்குவார்கள். இரண்டு ஐந்து லீட்டர் கான் எப்போதும் பின் சீட்டில். பீலியில் பிடித்துக்கொண்டு வர ஆண்பிள்ளைகளுக்குள் போட்டி. அவர்களுக்கு அது விளையாட்டு. எங்களுக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் சாதாரண தரப் பரீட்சை மே 29இல் தொடங்குகிறது. அந்த வேனில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் ஆறு பேர். ஏற்கெனவே கொரோனா, பிறகு 2022இன் டீசல் வரிசை, கியூ.ஆர். கோட், பாடசாலை பூட்டு என்று இரண்டு வருடத்துக்கு மேல் படிப்பைப் பறிகொடுத்த தொகுதி அது. கடைசியில் ஒரு ஓட்டை எஞ்சினால் அவர்களின் பரீட்சை போகக் கூடாது.

யோசனை சொன்னவர்களுக்குக் குறைவில்லை. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுங்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் முட்டை வெள்ளைக்கரு. சிரிக்க வேண்டாம், பொறிமுறை இருக்கிறது. சின்னத் துகள்கள் ஓட்டைக்குள் போய் அடைக்கும், வெள்ளைக்கரு சூட்டில் உறையும். கடையில் விற்கும் லீக் சீலரும் கிட்டத்தட்ட இந்த வேலைதான் செய்கிறது. சிலவற்றில் சோடியம் சிலிக்கேட் இருக்கும். ஆனால் அடைக்க வேண்டிய ஓட்டையை மட்டும் பார்த்து அடை என்று அதற்குச் சொல்ல முடியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் சேர்ந்து அடைபடும். காட்டு வழியில் வீடு வந்து சேர உதவலாம். அதை வைத்து மலையில் பிள்ளைகளை ஏற்ற முடியாது.

தம்பி கண்டுபிடித்த தந்திரம் வேறு. ரேடியேட்டர் மூடியை முழுதாகப் பூட்டாமல் ஒரு தட்டு தளர்த்தி விட்டார். ஒழுக்குக் குறைந்தது. ஏன் குறைந்தது? அந்த மூடி வெறும் மூடி இல்லை, அது ஒரு வால்வ். 0.9 பார் மூடி என்றால், உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைவிட அவ்வளவு கூடும் வரைக்கும் திறக்காது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். வெறும் தண்ணீரே சுமார் 118 பாகை வரை கொதிக்காது. மூடியைத் தளர்த்தினால் அழுத்தம் இல்லை, ஓட்டையால் தள்ளும் விசையும் இல்லை. ஆனால் 100 பாகையிலேயே கொதிக்கும். சமதரையில் தப்பலாம், ஏற்றத்தில் முடியாது. தம்பிக்கு இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, "அப்ப ரெண்டு பக்கமும் அடிதான் சேர்" என்றார். சரியாகச் சொன்னார்.

(சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்காதீர்கள். துணி போட்டுத் திறக்கலாம், மெதுவாகத் திறக்கலாம் என்ற எதுவும் வேண்டாம். திறந்த கணத்தில் அழுத்தம் விழும், உள்ளே இருப்பது அப்படியே ஆவியாகி முகத்துக்கு வரும். ஆறும் வரை மரத்தடியில் இருங்கள்.)

சித்திரைப் புதுவருடம் வந்தது. கராஜ் எல்லாம் பூட்டு. பிறகு பெருநாள். பெருநாள் முடிந்த அடுத்த கிழமை அவிசாவளைப் பக்கம் ஒரு லேத் பாஸிடம் வண்டியைக் கொண்டு போனோம். வயசாளி, சிங்களவர், அதிகம் பேசமாட்டார். நாங்கள் பில்லையும் சந்தேகங்களையும் விரிக்க, கையைக் காட்டி நிறுத்தினார். ஒன்றையும் கழற்றாமல் முதலில் வெளியே பார்ப்போம் என்றார்.

அவர் பார்த்த ஒழுங்கு எங்களுக்குப் பிடித்தது, ஒரு நல்ல விஞ்ஞான ஆசிரியரின் ஒழுங்கு. ஒயில் மூடியைத் திறந்து பார்த்தார். பால் தேத்தண்ணி நிறம் இல்லை, ஆகவே ஒயிலுக்குள் போகவில்லை. ஸ்டார்ட் பண்ணி சைலென்சரில் பார்த்தார். வெள்ளைப் புகை இல்லை, சிலிண்டருக்குள் போகவில்லை. மூடியைத் திறந்தபடி ரேடியேட்டருக்குள் பார்த்தார். குமிழி இல்லை, கேஸ்கட்டால் காற்று வரவில்லை. வோட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளையை விரலால் தடவினார். காய்ந்திருந்தது. ஹோஸ், ஹீட்டர் குழாய் எல்லாம் கையால் அமுக்கிப் பார்த்தார். பிறகுதான் கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் பூட்டி அழுத்தம் ஏற்றினார். முள் மெல்ல மெல்லக் கீழே வந்தது. ஆனால் ஒரு சொட்டும் இல்லை. எஞ்சினைச் சூடாக்கி மறுபடி ஏற்றினார். இப்போது எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டுக்குப் பின்னால் இருந்து ஆவி. சூடான இரும்பில் விழுந்து அங்கேயே காய்ந்துவிடுகிறது. தரையில் ஈரம் இல்லாதது அதனால்தான்.

எஞ்சினை இறக்கினோம். மெனிஃபோல்டைக் கழற்றினோம். பாஸ் கம்பித் தூரிகையால் வெள்ளிப் பெயின்டைச் சுரண்டினார். பெயின்டுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ பூச்சு. உளியால் ஒரு தட்டு தட்டினார், அப்பமாகக் கழன்று விழுந்தது. எபொக்சிப் பூச்சு. அதற்கடியில் வெல்ஷ் பிளக்குகளுக்குக் கீழே கிடையாக ஒரு கோடு.

நாங்கள் நாலு பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தம்பி எதுவும் சொல்லவில்லை. வெளியே போய் ரோட்டோரம் குந்திக்கொண்டார்.

கோடு எப்படி வந்தது? பாஸின் யூகம் இது. ஜப்பானில் குளிர்ப் பிரதேசத்தில், உடைக்கப் போட்ட வண்டிக்குள் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரோடு எஞ்சின் ஒரு குளிர்காலம் கிடந்திருக்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். இரும்பு இடம் கொடுக்காது, வெடிக்கும். வாழ்க்கையில் ஐஸ் மழையைக் கண்டிராத தெஹியோவிட்டைப் பிள்ளைகள், எங்கோ ஒரு வெள்ளை ஊரின் பனிக்காகப் பீலியில் தண்ணீர் சுமந்திருக்கிறார்கள். டொட்ஜ் லொறியில் வார்த்தவர் விட்ட குறை. இங்கே வார்த்தவரில் குறை இல்லை, வெடித்ததை மறைத்தவரில்தான் குறை. கோடு இருக்கும் இடம் மட்டும் ஏறக்குறைய ஒன்று. மெல்லிய வெளிச்சுவருக்கு எந்த ஊரிலும் அதே பலவீனம்தான்.

மதரஸாவில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் படிக்கும் ஒரு சம்பவம் உண்டு. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். அன்றைக்கு அந்த லேத்தில் எங்களுக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பழுதான எஞ்சினை விற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கோட்டைக் காட்டி, விலையைக் குறைத்து, இதைத் தைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி விற்றிருக்கலாம். பெயின்டுக்குக் கொடுத்த காசுகூட மிச்சம்.

வெல்டிங் அடிக்கலாமா என்று கேட்டோம். பாஸ் தலையாட்டினார், வேண்டாம் என்று. வார்ப்பிரும்பைப் பற்ற வைப்பது கடினம். முழு பிளொக்கையும் மெல்லச் சூடாக்கி, நிக்கல் குச்சியால் பற்ற வைத்து, மெல்ல ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் பற்ற வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதுக் கோடு விடும். அவர் செய்தது தையல். 53 பிளொக்குகளுக்கு அமெரிக்காவிலும் இதே வழியைத்தான் கையாளுகிறார்கள். அங்கே அதற்கென்றே விசேஷ மரை வெட்டிய ஊசிகளும் துளையிடும் வழிகாட்டியும் ஒரு பெட்டியாக விற்கிறார்கள். எங்கள் பாஸிடம் பெட்டி இல்லை, கை இருந்தது.

முதலில் கோட்டின் இரண்டு நுனியையும் காண வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நுனி உண்மையான நுனி இல்லை. மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, துடைத்துக் காய வைத்தார். பிறகு சோக் இருக்கிறதா என்று எங்களிடம் கேட்டார். ஆசிரியர் பையில் சோக் இல்லாமலா? பொடியாக்கித் தூவினோம். கோட்டுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் சோக்கை நனைத்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தது. நாங்கள் பார்த்த கோடு பத்து சென்டிமீற்றர், சோக் காட்டியது பதினான்கு. மிச்ச நாலைத் தைக்காமல் விட்டிருந்தால் அங்கிருந்து மறுபடி ஓடியிருக்கும்.

இரண்டு நுனியிலும் துளையிட்டார், கோடு மேற்கொண்டு ஓடாமல் நிற்க. பிறகு கோட்டின் மேலேயே ஒரு துளை, மரை வெட்டி, சீலர் பூசி, ஆறு மில்லிமீற்றர் ஆணியை இறுக்கி, தலையை வெட்டினார். அடுத்த துளை முதல் ஆணியின் ஓரத்தைக் கொஞ்சம் கடித்தபடி. அதற்கு அடுத்தது அதைக் கடித்தபடி. இப்படியே சங்கிலி போல. கோடு இருந்த இடத்தில் கோடே இல்லாமல் ஆணிகள் மட்டும். முப்பத்தேழு ஆணி. இரண்டு நாள். கடைசியில் சுத்தியலால் மெல்லத் தட்டி, கிரைண்டரால் மட்டமாக்கினார். சூடு என்பதே இல்லை, எல்லாம் குளிர் வேலை. பிறகு மறுபடி அழுத்தம் ஏற்றி, முள்ளைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். முள் அசையவில்லை.

வேலைக்கு 38,000 ரூபா எடுத்தார். பெயின்ட் அடிக்கவா என்று தம்பி கேட்டதற்கு, அடிக்காதே, கசிந்தால் தெரிய வேண்டும் என்றார்.

கடைக்காரரிடம் போனோமா என்று கேட்பீர்கள். போனோம். செக்கிங் வாரண்டி ஒரு கிழமைதான், முடிந்துவிட்டது என்றார்கள். நாங்கள் கழன்று விழுந்த எபொக்சித் துண்டையும், சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும், பாஸ் கைப்பட எழுதித் தந்த கடிதத்தையும் மேசையில் வைத்தோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை என்று ஒன்று இருக்கிறது, அதன் இலக்கம் 1977, இந்தக் கடிதம் அடுத்து அங்கே போகும் என்று மரியாதையாகச் சொன்னோம். சத்தம் போடவில்லை. ஒரு மணித்தியாலம் உட்கார வைத்தார்கள். பிறகு 75,000 ரூபா தந்தார்கள். முழு நியாயம் இல்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கில் அது எழுபத்தைந்து நாட்சம்பளம். முன்காசு தந்த பெற்றோரின் அடுத்த மாதக் கட்டணத்தில் தம்பி அதைக் கழித்துவிட்டார். அவருடைய நகை மீள இன்னும் ஒரு வருடம் எடுத்தது.

மே 29 காலை ஆறு பிள்ளைகளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வேனில் கான் இரண்டும் இருந்தன, தேவைப்படவில்லை. அவர்களில் ஒரு பிள்ளை இப்போது தொழில்நுட்பப் பிரிவில் உயர்தரம் செய்கிறாள். சோக்குத் தூள் கதையை அவளுக்கு எத்தனை தரம் சொன்னாலும் போதாது.

எஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்கு, பாஸ் சொன்னதையே சொல்கிறோம். புதுப் பெயின்ட் அடித்த எஞ்சின் என்றால், மெனிஃபோல்டுக்குப் பின்னாலும் வெல்ஷ் பிளக்குகளுக்குக் கீழேயும் சுரண்டிப் பார்க்க விடுவீர்களா என்று முதலில் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அதுவே பதில். செக்கிங் வாரண்டி என்ன என்ன பழுதுக்கு, எத்தனை நாளுக்கு என்று பில்லில் எழுத வையுங்கள். பூட்டியதும் முதல் கிழமையிலேயே ஏற்றத்தில் ஓட்டி, சூட்டோடு அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். குளிரில் பார்த்தால் பல கோடுகள் வாயை மூடிக்கொள்ளும்.

வெறும் பீலித் தண்ணீரை நிரந்தரமாக ஓட்டாதீர்கள், உள்ளே துரு பிடிக்கும். கூலன்ட் பாவிக்கிறவர்கள் மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். அதில் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் இருக்கிறது. இனிப்பாக இருக்கும், நிறமும் ஜூஸ் மாதிரி. ஆனால் நஞ்சு, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். லயத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நாய்களும் நக்கும். ஒழுகிய இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுங்கள்.

2025 பெப்ரவரியிலிருந்து வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். விலையைக் கேட்டுவிட்டுத் தம்பி பழைய வேனுக்கே புது டயர் போட்டார். ஆணி அடித்த இடத்தை மாதம் ஒருதரம் டோர்ச் அடித்துப் பார்க்கிறோம். பெயின்ட் இல்லாததால் மேலே கொஞ்சம் துரு படிந்திருக்கிறது, ஈரம் இல்லை.

பாஸின் இலக்கம் வேண்டியவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். போயா நாட்களில் எடுக்க வேண்டாம், அவர் பன்சலையில் இருப்பார்.